மலையூர்த் தக்காளியும் காரைக்குடித் தக்காளியும்

போன வருடம் ஜூன் மாதம் ஒரு நாள் என் சித்தப்பா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பழைய போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு யாரோ தோட்டத்தில் குந்தியிருப்பதுபோல் இருந்தது. "யாருக்கும்மா குளிர்காய்ச்சல்?" என்று கேட்டேன். "தக்காளிச் செடிண்ணே. ராத்திரி மூணு டிகிரிக்கு இறங்கிரும்னு சொல்றாங்க" என்று பதில் வந்தது. அவள் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து மலையூர் ஒன்றில். கடல்மட்டத்திலிருந்து 9,000 அடி, ஏறத்தாழ 2,740 மீட்டர். நம் ஊட்டியே 2,240 மீட்டர்தான்.

அதே வாரம் காரைக்குடியில் என் வீட்டு மாடியிலும் தக்காளி இருந்தது. செடிக்கு ஒரு குறையும் இல்லை. இடுப்பளவு வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. ஒரு பிஞ்சு நிற்கவில்லை. காலையில் மாடிக்குப் போனால் பூவெல்லாம் காம்போடு தரையில் கிடக்கும். உரக்கடையில் கேட்டபோது சத்துக் குறைவு என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அதையும் தெளித்தேன். பூ இன்னும் நன்றாக உதிர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவள் செடியிலும் பூ உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. எங்களுக்கு வந்த நோய் ஒன்றுதான், காரணம்தான் நேர் எதிர். தக்காளிப் பூ காயாக மாறுவதற்கு இரவு வெப்பநிலை முக்கியம். சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலும் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, 24 டிகிரிக்கு மேலே போனாலும் செய்யாது. பகலில் 32, 35 டிகிரியைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். அவள் ஊரில் கோடை இரவே பத்து டிகிரியைத் தொடாது. நம் ஊரில் வைகாசி இரவு 26, 27க்குக் கீழே இறங்காது. இரண்டு செடிக்கும் பாட்டில் மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதை எனக்குச் சொன்னது அவள்தான். அவளுக்குச் சொன்னது அந்த ஊர்ச் சந்தையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். அவர் வேளாண் அதிகாரியும் இல்லை, நாற்றுக் கடைக்காரரும் இல்லை. பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பயிற்சி எடுத்துக்கொண்டு, அதற்குக் கைம்மாறாக ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குச் சம்பளமில்லாமல் பதில் சொல்லும் தன்னார்வலர். 'மாஸ்டர் கார்டனர்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு நிலம் கொடுத்து வளர்த்த வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றாவது உண்டு. அங்கே நடக்கும் ஆராய்ச்சியை விவசாயியின் வயல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க, 1914இல் ஒரு சட்டத்தின் மூலம் விரிவாக்கத் துறை உண்டானது. நம் ஊர் வேளாண் அறிவியல் நிலையங்களைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வேலை விவசாயிக்கு ஆலோசனை சொல்வது. ஆனால் 1970களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில், டகோமா நகரங்களைச் சுற்றிப் புதுப்புது வீடுகள் பெருகின. வீட்டுக்கு வீடு ஒரு தோட்டம். புல்வெளி ஏன் மஞ்சளாகிறது, ரோஜாவில் ஏன் பூச்சி என்று நாள் முழுக்கத் தொலைபேசி. டேவிட் கிப்பி என்ற விரிவாக்க அலுவலரால் சமாளிக்க முடியவில்லை. தோட்ட அனுபவம் உள்ள ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களையே பதில் சொல்ல வைத்தால் என்ன என்று அவரும் சக அலுவலர்களும் யோசித்தார்கள். பல்கலைக்கழகத்தில் சிலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. அதனால் 1972இல் டகோமாவில் ஒரு வணிக வளாகத்தில் மேசை போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். கூட்டம் மொய்த்தது. 1973இல் முதல் பயிற்சி வகுப்பு தொடங்கியது. இன்று அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், கனடாவின் சில பகுதிகளிலும் இது நடக்கிறது.

விதி எளிது. சுமார் 40, 50 மணி நேரம் பாடம். ஏறக்குறைய அதே அளவு நேரம் ஊருக்கு உழைப்பு. மண், செடியின் உடல், பூச்சி, நோய், களை, நீர், மரம் கவாத்து எல்லாம் பாடத்தில் உண்டு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

அந்த மாற்றம்தான் மலையூர்களில் விஷயமே.

உயரம் கூடக் கூடக் குளிரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். பொதுக் கணக்கு, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறரை டிகிரி குறையும். ஆனால் உயரம் மட்டும் கணக்கில்லை. ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகைதான் தள்ளி இருக்கிறது. அங்கே உறைபனி மார்கழி, தை ஒட்டி வந்துவிட்டுப் போய்விடும். வருடத்தில் மற்ற நாளெல்லாம் கேரட்டும் முட்டைக்கோஸும் விளையும். கொலராடோ 39 பாகையில் இருக்கிறது. அங்கே மலையூர்கள் சிலவற்றில் உறைபனி விழாத நாட்கள் இரண்டு மாதத்துக்கும் குறைவு. தக்காளி நாற்று நட்டதிலிருந்து பழம் பறிக்க 60 முதல் 80 நாள் வேண்டும். விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கோ சமவெளிக்கானது. குளிரில் அதுவும் நீளும். ஆக, பாக்கெட்டைப் படித்து விதைத்தவர் காய் பச்சையாக இருக்கும்போதே செடியைப் பனிக்குப் பறிகொடுப்பார்.

அப்புறம் வெயில். குளிர் ஊரில் வெயில் எங்கே என்று நினைக்கலாம். காற்று மெல்லியதாக இருப்பதால் புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. வீட்டுக்குள் சன்னலோரம் முளைக்கவைத்த நாற்றை ஒரே நாளில் வெளியே வைத்தால் இலை வெளுத்துக் கருகும். தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று பழக்கித்தான் வெளியே விட வேண்டும்.

குளிர்க்காற்று கனமானது, தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒரே தெருவில் மேட்டு வீட்டுத் தோட்டம் பிழைக்கும், பள்ளத்து வீட்டுத் தோட்டம் கருகும். இதை எந்தப் புத்தகமும் அந்தத் தெருப் பெயரோடு சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும்.

தங்கச்சி தன் தக்காளிக்கு ஒரு தண்ணீர்ச் சட்டை போட்டிருந்தாள். பிளாஸ்டிக் குழாய்களை வட்டமாக ஒட்டவைத்தது போன்ற ஒன்று. குழாய்களில் தண்ணீர் ஊற்றிச் செடியைச் சுற்றி நிறுத்துவார்கள். பகலில் தண்ணீர் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும், இரவில் மெல்ல விடும். குளிர் அதிகமாகித் தண்ணீர் உறையத் தொடங்கினாலும், உறையும்போதே வெப்பத்தை வெளியிடும். செடி தப்பிக்கும். நாம் வெயிலிலிருந்து காப்பாற்ற மண்பானையில் தண்ணீர் ஊற்றிச் செடியோரம் புதைக்கிறோம். சுடுமண்ணின் துளை வழியாகக் கசிந்து வேருக்குப் போகிறது. அவர்களும் தண்ணீரைத்தான் காவலுக்கு வைக்கிறார்கள்.

மூடாக்கு விஷயத்தில் இரண்டு ஊரும் எதிரெதிர். காய்ந்த இலை, வைக்கோல் எது கிடைத்தாலும் செடியடியில் பரப்புங்கள் என்று நாம் கரடியாய்க் கத்துகிறோம். அவள் ஊரில் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதையும் போடாதே என்பது பாடம். பைன் ஊசியிலையும் மரச்சீவலும் காட்டுத்தீக்கு வாசல் திறந்துவிடும். அங்கே சுவரோரம் சரளைக்கல்தான் பரப்புகிறார்கள்.

மழைநீர்க் கதை இதைவிடச் சுவையானது. கொலராடோவில் தன் வீட்டுக் கூரையில் விழும் மழையைப் பிடித்துவைப்பது நெடுங்காலம் சாதாரண வீட்டுக்காரருக்குச் சட்டப்படி முடியாத காரியம். அங்கே தண்ணீர் உரிமை முதலில் வந்தவருக்கு முதல் உரிமை என்ற அடிப்படையில் ஓடுகிறது. மேலே விழுந்த துளி கீழே ஆற்றில் எவருக்கோ பாத்தியப்பட்டது. 2016இல்தான் சட்டத்தைத் தளர்த்தி, ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் என்று அனுமதித்தார்கள். சுமார் 416 லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரை இருந்தால் நாலேகால் மில்லிமீட்டர் மழையில் நிரம்பிவிடும்.

செட்டிநாட்டு வீட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். இந்த வீடுகளின் ஓட்டுக்கூரை உள்முற்றத்தை நோக்கித்தான் சரிந்திருக்கும். நாலு பக்கத் தண்ணீரும் வளவு முற்றத்தில் கொட்டும். தகரக் குழாய்க்குக் கீழே அண்டாவை வைப்பார்கள். மீதி, கல் வாய்க்கால் வழியாகக் கிணற்றுக்கோ, தெருவைத் தாண்டி ஊருணிக்கோ போகும். சிவகங்கைச் சீமையில் வருடத்துக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை. அதே நூறு சதுர மீட்டர் கூரைக்குக் கணக்குப் போட்டால் ஒரு வருடத்தில் விழுவது 90,000 லிட்டர். இங்குள்ள பெரிய வீடுகளின் கூரை அதைப்போல் பல மடங்கு. 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, இந்த வீடுகளுக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் ஒன்று உண்டு. மலையூர்களில் இந்தப் பயிற்சி ஏன் அத்தனை தேவைப்பட்டது? அங்கே இப்போது குடியிருப்பவர்களில் பலர் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் தோட்டம் போட்டுப் பழகிவிட்டு, ஓய்வுக்காகவோ வேலைக்காகவோ மலை ஏறியவர்கள். கையில் பழக்கம் இருக்கிறது, ஆனால் அந்தப் பழக்கம் வேறு மண்ணுடையது. இந்த மண்ணைப் பற்றிக் கேட்க வீட்டில் பாட்டி இல்லை. அந்தப் பாட்டியின் இடத்தில்தான் பல்கலைக்கழகம் ஒரு தன்னார்வலரை உட்கார வைத்தது.

நமக்குத்தான் பாட்டி இருக்கிறாளே என்று தோன்றும். இருந்தாள் என்பதுதான் சரி.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் கிணற்றடி, அதை ஒட்டித் தோட்டம். பார்க்க வருபவர்கள் பர்மாத் தேக்குத் தூணோடும் ஆத்தங்குடிக் கல்லோடும் திரும்பிப் போய்விடுவார்கள். சமையலின் பாதி அந்தப் பின்பக்கத்தில்தான் விளைந்தது. என் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் தோட்டம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. துணி துவைக்கிற கல்லிலிருந்து ஒரு சிறு வாய்க்கால். அதன் ஓரம் வாழை, அடுத்துச் சேம்பு. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற பக்கம் கறிவேப்பிலை. நல்ல தண்ணீரை ஊற்றிக் கறிவேப்பிலை வளர்ப்பதை அவர் ஊதாரித்தனம் என்பார். மதில் ஓரம் முருங்கை, சுண்டை. தானாக முளைத்த மணத்தக்காளியை அவர் பிடுங்குவதே இல்லை. கிழக்குப் பக்கம் பந்தலில் அவரையும் பீர்க்கும் பருவத்துக்கு ஒன்றாக ஏறும்.

என் மாடித் தக்காளியின் சோகத்தை ஒரு நாள் அவரிடம் சொன்னேன். "கோடைல தக்காளி எதுக்குத் தம்பி? புளியக் கரைச்சுக்கிட்டாப் போச்சு" என்றார்.

பாட்டில் விற்றவர் சொல்லாத பதில் இது. மகரந்தம், 24 டிகிரி எதுவும் ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் தக்காளி நாற்றை ஆவணி கடைசியில் விட்டு, ஐப்பசி அடைமழை தணிந்ததும் நட்டால், மார்கழியிலிருந்து மாசிவரை காய்க்கும் என்பது தெரியும். அந்த மாதங்களில் இங்கே இரவு 20, 22 டிகிரிக்கு இறங்கும். தங்கச்சி ஊரில் கோடை எப்படியோ, தக்காளிக்கு நம் ஊரில் பனிக்காலம் அப்படி. கிடைக்கிற சின்ன சன்னல் அது.

சரி, அந்த அறிவு ஆச்சியோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தெருவில் பத்து வீட்டுக்கு ஆறு பூட்டிக் கிடக்கின்றன; பின்பக்கம் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. நானே முப்பது வருடம் சென்னையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றுத் திரும்பியவன். என்னைப்போல் நிறையப் பேர் வருகிறார்கள். வந்ததும் ஆசை ஆசையாக மாடியில் குரோ பேக் அடுக்குகிறார்கள். சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரை கொதிக்கும், வேர் வெந்துவிடும். மூன்று மாதத்தில் பைகள் மாடி மூலைக்குப் போய்விடும். சொந்த ஊர்தான், ஆனால் மண்ணைப் பொறுத்தவரை நாங்களும் மலையேறிய கலிஃபோர்னியாக்காரர்கள்தான். ஆகவே செட்டிநாட்டில் இப்படி ஒரு தன்னார்வத் தோட்டப் பள்ளி வந்தால் அதன் முதல் மாணவர்கள் விவசாயிகளாக இருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஊர் திரும்பியவர்களாக இருப்பார்கள்.

என்ன சொல்லித்தருவது? முதலில் மண். செட்டிநாட்டு மண் பெரும்பாலும் செம்மண்ணும் செம்புறை மண்ணும். மட்கு குறைவு, மழை பெய்து காய்ந்தால் மேலே ஓடுபோல் இறுகும். இதைச் சொல்லக் கேட்பதைவிட மண் மாதிரி எடுக்கவைத்தால் நன்றாகப் பதியும். மேலே கிடக்கும் இலை தழையை ஒதுக்கிவிட்டு மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்துபோல் அரை அடிக் குழி வெட்ட வேண்டும். குழியின் சரிவிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு விரற்கடை கனத்துக்கு மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். தோட்டத்தில் ஏழெட்டு இடத்தில் இப்படி எடுத்து, எருக்குழிப் பக்கத்தையும் மரத்தடியையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரு சாக்கின்மேல் கொட்டிக் கலக்க வேண்டும். வட்டமாகப் பரப்பி நாலு பங்காகக் கோடு போட்டு, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மீதியைத் திரும்பக் கலக்கி, திரும்பப் பங்கிட்டு, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்ய வேண்டும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால், கார அமில நிலை, உப்பு, சத்து எல்லாம் சொல்லிவிடுவார்கள். நான் முதல் தடவை செய்தபோது ஒரே இடத்தில் தோண்டி ஒரு கிலோ மண்ணைப் பாலித்தீன் பையில் அள்ளிக்கொண்டு போனேன். அதுவும் கறிவேப்பிலை அடியில், அத்தனை வருடத்துச் சோப்புத் தண்ணீர் போன இடத்தில். வந்த முடிவைப் பார்த்துப் பயந்து, தோட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

அடுத்தது திசை. மலையில் பள்ளமும் மேடும் எப்படியோ, இங்கே சுவர் அப்படி. மேற்குச் சுவர் மதியம் முழுக்கச் சூட்டைக் குடித்து இரவு பத்து மணிவரை கக்கும். அங்கே வைத்த செடிக்கு இரவும் பகல்தான். கிழக்குச் சுவரோரம் காலை வெயில் கிடைக்கும், பிற்பகலில் நிழல் விழும். கோடையில் கீரை தப்பிப் பிழைப்பது அங்கேதான். ஒரே வீட்டில் இந்த இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு ஊருக்கு உள்ள வித்தியாசம்.

விதைக்கும் பட்டம், தண்ணீர், விதை சேர்ப்பது எல்லாம் உண்டு. அவற்றை இங்கே விரிக்கவில்லை. மயிலை மட்டும் விட முடியாது. அவள் ஊரில் எல்க் என்கிற பெரிய மான் வந்து தோட்டத்தை மேய்ந்துவிட்டுப் போகிறது. நம் பக்கம் மயில். குன்றக்குடிக்கு மயூரகிரி என்று பெயர் வைத்தவர்களிடம் போய் முறையிட முடியாது. விதை போட்ட பாத்தியைக் கிளறிவிட்டு, தளிரைக் கொத்திவிட்டு, மதில்மேல் நின்று அகவும். 1972ஆம் வருடத்து வனவுயிர்ச் சட்டப்படி உச்சபட்சப் பாதுகாப்பில் இருக்கிற பறவை. வலை கட்டலாம், முள்ளை வெட்டிப் பாத்திமேல் பரப்பலாம், முளைத்து எழும்வரை கூடையால் மூடலாம். வேறு எதையும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது செடி சம்பந்தப்பட்டதே இல்லை. பயிற்சி பெற்றவர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது. ஆராய்ந்து பார்த்த விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிக் கேள்வியை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு எதையும் விற்கவும் கூடாது. இந்த இரண்டு விதியும் நமக்கு எவ்வளவு வேண்டும் என்பது தோட்ட வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு படத்தைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பதினைந்து வைத்தியம் வரும். ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்ல மாட்டார்.

ஒரு உதாரணம். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் குழிந்து போகும். உடனே சுண்ணாம்புச் சத்துக் குறைவு, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள் என்பார்கள். பாதி உண்மை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்பது சரி. ஆனால் பெரும்பாலும் அது மண்ணில் இருக்கத்தான் செய்யும். தண்ணீரோடு கரைந்துதான் காய்வரை போக முடியும். ஒரு நாள் வெள்ளமாக ஊற்றி, இரண்டு நாள் காயவிட்டால் அந்த ஓட்டம் அறுந்துபோகும். முட்டை ஓடு மட்கி வேலைக்கு வருவதற்குள் அந்தச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். ஆக வைத்தியம், அளவாகத் தினமும் தண்ணீர், மேலே மூடாக்கு. முட்டை ஓட்டைப் போடுவதால் கெடுதல் இல்லை. போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் தண்ணீரைக் கவனிக்காமல் விடுவதுதான் கெடுதல்.

அதே சமயம் ஆச்சி சொல்வதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்லவில்லை. மத்தியானம் தண்ணீர் ஊற்றினால் இலை வெந்துவிடும் என்பார். இலையில் தங்கும் துளி பூதக்கண்ணாடிபோல் சுட்டுவிடும் என்பது பொதுவாக நடக்காத காரியம். வாடி நிற்கிற செடிக்கு உச்சிவெயிலிலும் அடியில் தண்ணீர் விடலாம். ஆச்சியின் அனுபவத்தையும் ஆய்வுக்கூடத்தின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஓர் ஆள் நடுவில் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை.

நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையமே 1974இல் பக்கத்தில் புதுச்சேரியில்தான் தொடங்கியது. சிவகங்கை மாவட்டத்துக்கான நிலையம் குன்றக்குடியில் இருக்கிறது. செட்டிநாட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவர்களின் வேலை நெல்லும் நிலக்கடலையும் பயறும் போடுகிற விவசாயிக்கு. என் மாடித் தக்காளிக்கு நேரம் ஒதுக்கச் சொல்வது அநியாயம். டகோமாவில் 1972இல் இருந்த நிலைமை இதுவேதான்.

தன்னார்வம் நமக்குப் புதிதா என்று கேட்டால், இல்லவே இல்லை. செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் வருகிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்த பிள்ளைகள் மாலையில் தெருவிளக்கடியிலும் கோயில் திண்ணையிலும் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. அதே பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரிக்கும் களத்துமேட்டுக்கும் சைக்கிளில் போன அந்தப் பெண்களைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. அன்று வாத்தியார் வெளியூரிலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லிக்கொடுத்ததால்தான், தப்பாக எழுதினாலும் வெட்கமில்லாமல் கற்க முடிந்தது. தோட்டத்துக்கும் அந்த முறைதான் பொருந்தும்.

சிக்கல்களும் உண்டு. அமெரிக்காவிலேயே இந்தப் பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் நேரமும் வசதியும் உள்ள ஓய்வுபெற்றவர்கள் என்ற குறை பேசப்படுகிறது. இங்கே அது இன்னும் கூர்மையாகும். பூட்டிய பெரிய வீடுகளின் பின்பக்கத்தை இன்றைக்கும் உயிரோடு வைத்திருப்பவர்கள் காவலுக்கு இருக்கும் குடும்பங்கள். கிணற்றடியில் நாலு வெண்டை, ஒரு பூசணிக்கொடி போட்டிருப்பார்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எங்கே கரையான் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வகுப்பு நடத்துகிறோம் என்று போய் அவர்களையே எதிரே உட்கார வைத்துப் பாடம் எடுத்தால் கேலிக்கூத்து. அவர்கள் ஆசிரியர்களாக வர வேண்டும், வருகிற நேரத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிற நான் சும்மா உழைக்கலாம். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாதவரிடம் தன்னார்வம் பேசக் கூடாது. யார் வீட்டுப் பின்கட்டுக்குள் யார் போகலாம் என்று ஊரில் எழுதாமல் இருக்கிற சட்டம் வேறு இருக்கிறது. அதைப் பேசாமல் வீடு வீடாகத் தோட்டம் பார்க்கக் கிளம்பினால் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும். முதல் வகுப்பை எவர் வீட்டிலும் வைக்காமல் அரசுப் பள்ளி வளாகத்தில் வைப்பது நல்லது.

இந்த வருடம் நான் கோடையில் தக்காளி வைக்கவில்லை. மாடியிலிருந்த பைகளைக் கீழே இறக்கிக் கிழக்குச் சுவரோரம் வரிசையாக வைத்து, கொத்தவரையும் தண்டுக்கீரையும் போட்டேன். இரண்டும் வெயிலுக்கு அஞ்சாதவை. ஆவணி கடைசியில் ஆச்சியிடம் கேட்டு நாற்றுவிட்டேன். ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் கொட்டிய மழையில் பாதி நாற்று அழுகியது. மிச்சத்தில் பதினோரு செடி தேறியது. தை பிறக்கும்போது காய் கண்டது. படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அங்கே அப்போது இடுப்பளவு பனி. அவள் விதைப் பட்டியலை வைத்துக்கொண்டு சீக்கிரம் காய்க்கிற ரகமாகத் தேடிக்கொண்டிருந்தாளாம். "அண்ணே, சுண்டைக்காய் இங்க வருமா?" என்று கேட்டாள். ஆச்சியிடம் கேட்டேன். பனியென்றால் எவ்வளவு பனி என்று ஆச்சி கேட்டார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. அந்த ஊர்க்காரவுகளக் கேக்கச் சொல்லு. வத்தல் வேணும்னா தாரேன், அனுப்பி வையி" என்றார்.